லாரிக்கு யோசனை எழுதிய அம்மிணி

யார் எதைச் சொன்னாலும் அந்த அம்மிணி ஒரு கணம் தரையைப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "இல்லீன்னா?" என்று கேட்பார்.

சண்டைக்காகக் கேட்பது அல்ல. கேலியும் இல்லை. நாலு மணிக்கு பஸ் வந்துவிடும் என்றால் "வரலீன்னா?" என்பார். பால் இப்போது வந்துவிடும், டீ போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் அதே கேள்விதான். பதில் வரும்வரை சொன்னவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சங்ககிரியில் இந்தப் பழக்கம் யாருக்கும் பிடிக்கவில்லை. நல்ல காரியம் பேசும் இடத்தில் இப்படிக் கேட்டால் விளங்குமா என்றார்கள். அவருடைய அண்ணி எங்காவது விசேஷத்துக்குக் கிளம்பும்போது, நாத்தனார் சமையலறையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் வாசலுக்கு வருவாராம். கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் அவர் கேட்டிருக்கிறார். பெங்களூர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலையை விடவேண்டாம் என்று இப்போது சொல்கிறீர்கள், பிற்பாடு மனசு மாறினால் என்ன செய்வது என்று. அவர்கள் சிரித்தார்களாம். ஒன்றரை வருஷத்தில் அவர்கள் மனசு மாறியது. அம்மிணி வேலையை விடவில்லை, அந்த வீட்டை விட்டார். பின்னால் அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தபோது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் அந்த வேலையையும் விட்டு ஊருக்கு வந்தார். அப்பா போனபின் திரும்பிப் போக இடம் இருக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு ஊர் சொல்லித் தெரிந்தது. அவராகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில், கோயமுத்தூர் ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. லாரிகளுக்கு வயரிங், டைனமோ, செல்ஃப் மோட்டார் வேலை. அம்மிணியின் அண்ணனுக்குக் காடு தோட்டத்தோடு நாலு லாரியும் இருந்தது. அந்த வண்டிகளின் எலெக்ட்ரிக் வேலை முழுவதும் என்னிடம்தான் வரும். ஒரு நாள் காலையில் அம்மிணி துணிப்பையோடு நடந்தே வந்தார். பழைய செல்ஃப் மோட்டாரில் இருக்கிற சாலினாய்டு ஒன்று வேண்டும் என்றார். கரண்ட் கொடுத்தால் உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டைச் சட்டென்று இழுக்கும் உருளை அது. எதற்கென்று கேட்டேன். டீசல் பம்பின் லீவரை இழுத்து இன்ஜினை நிறுத்த என்றார்.

"அதுக்குத்தான் டிரைவர்கிட்ட நாப் இருக்குதுங்களே, இழுத்தா நின்னுருமே?"

"டிரைவர் பாக்கலீன்னா?" என்றார்.

அந்த வருஷத்தில் அவருடைய அண்ணன் வண்டிகள் இரண்டு இன்ஜின் இறுகி ஓடாமல் நின்றிருந்தன. ஒன்றில் தண்ணீர் குறைந்து சூடேறியது. இன்னொன்றில் ஆயில் இறங்கிவிட்டது. மீட்டர் முள் காட்டத்தான் செய்தது, டிரைவர் பார்க்கவில்லை. மீட்டரை மனிதன் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு பெட்டி பார்த்துக்கொண்டிருந்தால் என்ன என்பது அம்மிணியின் எண்ணம்.

என்னை அவர் "நீங்க" என்றார். அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் நான் "வாப்பா, போப்பா"தான். அவரைவிட நான் இரண்டு வயது இளையவன், ஆனாலும் வாய்க்கு வாய் "ங்ணா" என்று அண்ணா போட்டுத்தான் பேசுவார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது.

பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஒரு பச்சைப் பலகை அவரிடம் இருந்தது. நடுவில் கரப்பான் பூச்சி மாதிரி கால்கள் வைத்த ஒரு சில்லு. ஓரத்தில் கால்குலேட்டருக்கு இருப்பது போலப் பட்டன்கள். மேலே சிவப்பாக எரியும் ஆறு எழுத்துகள். ஒரு கோடு போட்ட நோட்டில் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஜோடி ஜோடியாகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார். அதைப் பார்த்துப் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்துவார். வீட்டில் அண்ணி முகம் கொடுக்காததால், என் கொட்டகையின் பின்பக்க மேசையில் வந்து உட்கார ஆரம்பித்தார். கொட்டகைக்கு முன்பக்கம் கதவு கிடையாது. ரோட்டில் போகிற எல்லோருக்கும் நாங்கள் இருவரும் தெரிவோம். அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இது என்ன சாமான் என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமான் இல்லீங்ணா, யோசனை. நாம உக்காந்து யோசிச்சதை எழுதி உள்ள வெச்சுட்டா, நாம இல்லாதப்பவும் அது யோசிச்சுக்கிட்டே இருக்கும்."

அப்போதெல்லாம் கரண்ட் சொல்லாமல் போகும். போனால் பலகை அத்தனையையும் மறந்துவிடும். கரண்ட் வந்ததும் அம்மிணி நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, முதல் ஜோடியிலிருந்து மறுபடி அழுத்துவார். ஒரே நாளில் மூன்று முறை அப்படி அழுத்தியதைப் பார்த்திருக்கிறேன். உச்சுக் கொட்டக்கூட மாட்டார். எனக்குத்தான் பொறுக்காது. கோபமே வராதா என்று கேட்டதற்கு, "அது மேல கோவிச்சு என்னங்ணா பண்றது? மறந்து போச்சுங்கறதே அதுக்குத் தெரியாது" என்றார்.

எழுதியது சரியாக வந்துவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறுவார். அங்கே ஒரு கடையில், கரண்ட் போனாலும் மறக்காத வேறு சில்லில் அதைப் பதிந்து தருவார்கள். அந்தச் சில்லின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே வெயில் நாள்கணக்கில் பட்டால் எழுதியது அழிந்துவிடுமாம். அம்மிணி தன் நெற்றிக்கு வைக்கும் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிடுவார். கறுப்புப் பொட்டு. ஒரு எழுத்து மாற்றவேண்டும் என்றாலும் மறுபடி பெங்களூர். போக ஒரு நாள், வர ஒரு நாள். பஸ்ஸில் வாந்தி வரும் அவருக்கு. எலுமிச்சம்பழம் ஒன்று பையில் எப்போதும் இருக்கும்.

அந்தச் சில்லை உள்ளே வைத்துக் கட்டிய பெட்டி முதலில் லாரியில் ஏறியபோது டிரைவர் ஹாரனில் கைவைத்ததும் தன் வேலையை விட்டுவிட்டு, அப்போதுதான் விழித்த மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஹாரனுக்குப் போகிற கரண்ட் அடிக்கிற அடி அது. எங்கள் ரோட்டில் ஹாரன் அடிக்காமல் ஒரு பர்லாங் போகமுடியாது. நான் வயரைத் தனியாக இழுத்துக் கொடுத்தேன், அவர் எழுத்தை மாற்றினார். இரண்டும் சேர்ந்துதான் சரியானது. அன்றைக்கு எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே, வெளிநாட்டில் கார்களுக்குள் இந்த மாதிரிச் சில்லு வந்துவிட்டதாகவும், எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்பதை அதுவே முடிவு செய்வதாகவும் புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். இனிமேல் வண்டி செய்கிறவர்களில் பாதிப் பேர் ஸ்பேனரே பிடிக்கமாட்டார்கள், உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள் என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "ஸ்பேனர் புடிக்காதவன் வண்டியப் பத்தி என்னங்க எழுதுவான்?"

அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்து யோசித்தார். பிறகு நோட்டைத் திறந்து, பின் அட்டையில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

அம்மிணிக்குப் பேச்சுத்துணை என்று யாருமில்லை. கோயிலுக்குப் போவார், தனியாக. அங்கே தெரிந்த பெண்கள் "நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன் நடந்துவிடுவார்கள். மத்தியானம் தூக்குப் போசியில் கொண்டுவந்த சோற்றைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். என் மனைவி ஒரு முறை ரசம் கொடுத்தனுப்பினாள். குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் தானே கழுவி, அதில் நாலு கொய்யாப் பழம் போட்டுக் கொடுத்தார். மறுபடி கொடுத்தனுப்ப என் மனைவிக்குத் தயக்கம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நம் வீட்டுச் சாப்பாடா, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

சித்திரை மாதத்தில் பெட்டியை லோடு வண்டியில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. டிரைவர் சென்னியப்பன். எடப்பாடிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், வண்டியை அடித்து ஓட்டாத மனிதர். ஆத்தூரில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மிணி நடுவில் உட்கார்ந்து நோட்டில் சூட்டைக் குறித்துக்கொண்டே வந்தார். சேலம் தாண்டி வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஊர் நெருங்கும்போது ரயில்வே கேட்டில் பத்திருபது வண்டிகள் நின்றன. நின்று நின்று நகர்ந்ததில் சூடு ஏறியது. கேட் திறந்தது. முன்னால் மாட்டு வண்டி ஒன்று போனதால் சென்னியப்பன் முதல் கியரில் மெதுவாக மேடேறினார். பெட்டி கத்தியது. சூடு எல்லையைத் தாண்டினால் பத்து வினாடி கத்தும், பிறகு இன்ஜினை நிறுத்தும். அப்படித்தான் எழுதியிருந்தது. அப்படியே நிறுத்தியது.

முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தது. பின் சக்கரங்கள் தாண்டவில்லை.

சென்னியப்பன் செல்ஃபை அழுத்தினார். மோட்டார் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. சூடு இறங்கும்வரை லீவரை விடாதே என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லியிருந்தோம். கேட்மேன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். எதிர் ரயில் வர நேரமாகிவிட்டது, அடுத்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று கத்திவிட்டு, சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தின் மேலேயே ஓட ஆரம்பித்தார்.

"வயரப் புடுங்கிருங்ணா," என்றார் அம்மிணி. குரல் உயரவில்லை.

பிடுங்கினேன். சாலினாய்டின் தண்டு சூட்டில் இறுகிக்கொண்டு திரும்பவில்லை. இன்ஜின் மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு லீவரைத் தள்ளினேன். உள்ளங்கைத் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இறங்கிவிடுங்கள் அம்மிணி என்று சென்னியப்பன் இரண்டு முறை சொன்னார். அவர் இறங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, கை விலகிவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை செல்ஃப் அடித்ததில் இன்ஜின் பிடித்தது.

வண்டி தாண்டி நின்றபின் நெடுநேரம் கழித்துத்தான் ரயில் ஊர்ந்து வந்தது. கேட்மேன் அதை வளைவிலேயே நிறுத்தியிருந்தார். திரும்பி வந்த அவர் எங்களைத் திட்டவில்லை. மூச்சு வாங்க கேட் கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். சென்னியப்பனும் இறங்கி மண்ணில் உட்கார்ந்தார். அம்மிணி அவர் எதிரில் போய் நின்றார்.

சென்னியப்பன் தலையை உயர்த்தாமல் சொன்னார். "அதுக்குக் கண்ணு இல்லீங்களே, அம்மிணி. எங்க நிக்குதுன்னு அதுக்கு எப்புடித் தெரியும்?"

அண்ணன் அன்று மாலையே கொட்டகைக்கு வந்து, லாரியிலிருந்து பெட்டியைத் தன் கையாலேயே கழற்றிச் சாக்கடையில் போட்டார். கத்தவில்லை. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். என் கைக்கட்டைப் பார்த்து, டாக்டரிடம் போனாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் அம்மிணி வரவில்லை. மேசையில் அவருடைய பலகை மேல் தூசி ஏறியது. நான் ஒரு துணி போட்டு மூடினேன். கட்டு அவிழ்த்தபின் கை கொஞ்சம் இழுத்துக்கொண்டு இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும்போதெல்லாம் அவர் மணிக்கட்டைப் பிடித்தது நினைவுக்கு வரும்.

அந்த மாதத்தில் அம்மிணி என்ன செய்தார் என்பது பிற்பாடு சென்னியப்பன் சொல்லித் தெரிந்தது. கேட்டில் நடந்ததற்குப் பிறகு சென்னியப்பன் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்திருக்கிறார். ஒரு நாள் காலை அம்மிணி பஸ் பிடித்து அவர் வீட்டுக்கே போய்விட்டார். முதலாளி வீட்டுப் பெண் வாசலில் நிற்பதைப் பார்த்து அந்த வீட்டில் எல்லோரும் பதறிப்போனார்களாம். நாற்காலி போட்டார்கள். அவர் உட்காராமல், கண்ணு இல்லை என்று சொன்னீர்களே, கண்ணு இருக்கிறவருக்கு ரோட்டில் என்னென்ன தெரியும், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நோட்டை எடுத்தாராம். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவே இல்லையாம். "அதுவே மன்னிப்புக் கேக்கற மாதிரித்தாங்க இருந்துச்சு" என்றார் சென்னியப்பன்.

முதலில் அவருக்குச் சொல்ல வரவில்லை. ஓட்டுகிறவனுக்குத் தெரிவது வாயில் வராதே. மூன்றாவது நாள் போனபோதுதான் வந்ததாம். தொப்பூர் மலை இறக்கத்தில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும், சந்தை நாளில் நடுத்தெருவில் நின்றால் அடி விழும், பாலத்தின் மேல், ஆற்று மணலில், பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது. இன்ஜின் போனாலும் போகட்டும் என்று ஓட்டவேண்டிய நேரம் ஒன்று உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் வரை சூடான வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதைச் சொன்னாராம். அம்மிணி அதை எழுதவில்லையாம். பேனாவை மூடிவிட்டுக் கேட்டாராம், அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று.

ஆனியில் அவர் என் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். அண்ணனுக்குத் தெரியும், தடுக்கவில்லை. சென்னியப்பன் சொல்லி மற்ற டிரைவர்களும் வர ஆரம்பித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்வார்கள். வெட்கப்பட்டவர்கள்கூட, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கும் சாக்கில் வாயைத் திறந்தார்கள். அம்மிணி "இல்லீன்னா?" என்று கேட்டால் அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ரோட்டில் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. "அப்புடிக் கேளுங்க" என்று முட்டியில் தட்டுவார்கள். அந்த இரண்டு மூன்று மாதம் அவர் சோறு சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காரவில்லை. டிரைவர்கள் இட்லிப் பொட்டலத்தை அதே மேசையில் பிரித்தார்கள்.

நோட்டு நிறைந்தபின் வேறு சங்கடம். அத்தனையையும் எழுத சில்லில் இடம் போதாது. எதை வைப்பது, எதை விடுவது? ஒரு வாரம் கோடு போட்டு அடித்து அடித்துப் பார்த்தார். எதை அடித்தாலும் அதைச் சொன்ன டிரைவரின் பெயரைச் சொல்வார். "இத உட்டா அவரு வண்டிக்கு ஆயிருமுங்களே" என்பார். கடைசியில் ஒரு காலையில் வந்து, அத்தனையையும் விட்டுவிட்டேன் என்றார். பெட்டி இனி எதையும் நிறுத்தாது. சூட்டையும் ஆயிலையும் பார்த்துக்கொண்டிருக்கும், மாறினால் சொல்லும், கேட்காவிட்டால் இன்னும் உரக்கச் சொல்லும். அவ்வளவுதான். முடிவு கண்ணிருக்கிறவரிடமே இருக்கட்டும். தோற்றுப்போனவர் மாதிரிதான் சொன்னார். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை.

சென்னியப்பன் அண்ணனிடம் போய், மறுபடி வண்டி எடுக்கிறேன், அந்தப் புதுப் பெட்டியை என் வண்டியில் வைக்கவேண்டும் என்று கேட்டார். அண்ணனால் மறுக்க முடியவில்லை. ஐப்பசியில் பவானி தாண்டி ஆயில் பைப் விட்டுப்போனபோது பெட்டி கத்தி, சென்னியப்பன் ஓரங்கட்டி நிறுத்தி, இன்ஜின் தப்பியது. அதன்பின் நாலு வண்டியிலும் ஏறியது. வேறு முதலாளிகளும் கேட்டார்கள்.

அந்தப் பேச்சு எப்படியோ பூனாவில் வண்டி செய்கிற ஒரு கம்பெனிவரை போயிருக்கிறது. இரண்டு பேர் காரில் வந்தார்கள். என் கொட்டகையில் உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே அம்மிணியோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். எங்களோடு பேசும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவர், அவர்களோடு தடதடவென்று பேசினார். இடையில் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. பற்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது.

வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டில் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. காடு இருக்கிறது, சோறு இருக்கிறது, தனியாக ஒரு பொம்பளை பாஷை தெரியாத ஊரில் எதற்கு என்றாராம் அண்ணன். அம்மிணி என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. தை மாதம் ஒரு காலையில் டிரங்குப் பெட்டியோடு கொட்டகைக்கு வந்தார். சென்னியப்பன் லாரியில்தான் சேலம் ஜங்ஷனுக்குப் போனார். பச்சைப் பலகையை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். "போயிட்டு வாரேனுங்ணா" என்றார். நான் "சரிங்க" என்றேன். லாரி கிளம்பியபின்தான் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டரை வருஷம் கழித்து, ஜவ்வரிசி லோடோடு பூனாவுக்குப் போகிற வண்டியில் நான் ஏறினேன். அங்கே பழைய டைனமோ சகாயமாகக் கிடைக்கும் என்று வீட்டில் சொன்னேன். டைனமோ வாங்கத்தான் போகிறேன் என்று நானும் நம்பினேன். லோடு இறங்கியது சனிக்கிழமை காலை. திரும்புகிற லோடு கிடைக்க மூன்று நாள் ஆகும் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். நான் கம்பெனி முகவரியை விசாரித்துக்கொண்டு போய் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் போன் செய்தார்.

அம்மிணி வெளியே வந்தார். நூல் புடவைதான், மேலே சாம்பல் நிறத்தில் கம்பெனி கோட்டு. காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வேகமாக நடக்க ஆரம்பித்து, பாதியில் நிதானமாக்கிக்கொண்டார். எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனோம். சென்னியப்பன் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். முழங்கால் வலியால் வண்டியை விட்டுவிட்டு நிலத்தில் குச்சிக்கிழங்கு பயிர் போட்டிருக்கிறார் என்றேன். என் கையை நீட்டச்சொல்லி உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். அண்ணனைப் பற்றி நானாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

வேலை எப்படி என்று கேட்டேன். இங்கே பதினோரு பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள், தான் தனியாகச் செய்ததை இங்கே பங்கு போட்டுச் செய்கிறார்கள், எழுதியதை இங்கேயே சில்லில் பதிந்துகொள்ளலாம், எங்கும் பஸ் ஏறவேண்டாம் என்றார். "எல்லாரும் கெட்டிக்காரங்க. ஒருத்தரும் லாரில ஏறுனதில்லீங்ணா. ஏறிப் பாருங்கன்னு சொன்னா சிரிக்கறாங்க."

பிறகு டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "நல்லவங்கதான். மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்புடுவாங்க. நான் வரமாட்டேன்னு நெனச்சுக்கிட்டாங்களாட்டம் இருக்குது. கூப்புட மறந்துட்டாங்க. நானும் போகலீங்."

நான் என் டீயைக் குடித்து முடித்தேன்.

"எப்பங்ணா ஊருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, லீவு. ஊடு பக்கந்தான். இருந்தீங்கன்னா மத்தியானம் சோறாக்கறேன். நம்மூரு மாதிரி கொள்ளு ரசம் வெக்கறேன். தமிழ் பேசி வெகு நாளாச்சுங்."

தெருவின் பெயரைச் சொல்லி, எதிரே மாவு மில் இருக்கும், மாடிப்படி வெளியிலேயே இருக்கும் என்று அடையாளமும் சொன்னார். எனக்கு என்னென்னவோ தோன்றியது. கூட வந்த டிரைவர் ஊரில் போய்ச் சொல்வார். என் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள், ஆனால் தெரிந்துகொள்வாள். அவர் எந்த வீட்டுப் பெண், நான் யார்? ரோட்டைப் பார்த்துத் திறந்துகிடந்த கொட்டகையில்தான் நான் இத்தனை காலமும் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். கதவு இருக்கிற ஒரு வீட்டுக்குள் போய் அவர் போடும் சோற்றைச் சாப்பிட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வண்டி இன்னைக்கே கெளம்புதுங்க," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்ணா. பாத்துப் போங்க," என்றார். கம்பெனி சங்கு ஊதியது. டீ குடிக்க வந்திருந்த கோட்டுக்காரர்கள் கூட்டமாக எழுந்து பேசிக்கொண்டே கேட்டுக்குள் போனார்கள். அவர்கள் போய்க் கொஞ்ச தூரம் ஆகும்வரை நின்றுவிட்டு, அம்மிணி பின்னால் நடந்தார்.

மறுநாள் டிரைவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். லாரி நின்ற இடத்திலிருந்து அந்தத் தெரு நடந்து போகிற தூரம்தான் என்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லாரி நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு மணிக்கு அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன்.